யார் எழுதியது, எந்த வழியாக வந்தது, யார் பொறுப்பு?

(ஆனேக்கலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்தையோ பக்தி இலக்கியத்தையோ எதிர்பார்த்து வருவதுதான் வழக்கம். இந்த ஆண்டு கணினி பற்றிப் பேசுங்கள் என்று கேட்டவர்கள் அதற்குக் காரணமும் சொன்னார்கள். இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் அவர்களைப் பெற்றவர்கள். இரு சாராருக்கும் விளங்கும்படி பேச முயல்கிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: திறமூல மென்பொருள் பொதிகளை எந்த அளவுக்கு நம்பலாம், அந்த நம்பிக்கையை எப்படி அளப்பது?

பொதி என்று நான் சொல்வதை அலுவலகத்தில் பேக்கேஜ் என்பார்கள். தேதியைக் கணக்கிட, படத்தைச் சுருக்க, கடவுச்சொல்லைப் பூட்டி வைக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் யாரோ ஏற்கெனவே நிரல் எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு என்பிஎம், பைத்தானுக்குப் பைபிஐ, ஜாவாவுக்கு மேவன் சென்ட்ரல் என்று அவற்றுக்குப் பெரிய களஞ்சியங்கள் உண்டு. ஒரு கட்டளையில் பொதி நம் கணினிக்கு வந்துவிடும். அது தனியாகவும் வராது. தனக்கு வேண்டிய வேறு பொதிகளையும் கூட்டிக்கொண்டு வரும். இன்று ஒரு நிறுவனம் விற்கும் மென்பொருளில் அந்த நிறுவனத்தார் கைப்பட எழுதிய பகுதி பெரும்பாலும் சிறியது.

ஓசூர் சாலையில் ஓர் எடுத்துக்காட்டு

இதைப் பேச நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில், ஓசூர் சாலையில் ஐஐஐடி பெங்களூர் இருக்கிறது. அங்கே 2018இல் மோசிப் என்ற திட்டம் தொடங்கியது. ஒரு நாடு தன் மக்களுக்கு அடையாள எண் கொடுக்கத் தேவையான மென்பொருளைத் திறமூலமாக எழுதித் தருவது அதன் வேலை. ஆதாரைப் பார்த்துவிட்டு அப்படியொன்று தங்களுக்கும் வேண்டும் என்று விரும்பிய நாடுகள், ஒரே தனியார் நிறுவனத்திடம் காலமெல்லாம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது வழி செய்தது. மொராக்கோ, பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா ஆகிய நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கும் இதுவே அடித்தளம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவருடைய கைரேகை எந்த நிரலின் வழியாகப் பதிவாகப் போகிறதோ, அது பிறந்த இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேறொரு நாட்டில் எழுதப்பட்ட நிரலை ஓர் அரசு ஏன் நம்ப வேண்டும்? மோசிப்பின் மூலநிரல் மொசில்லா பொது உரிமம் 2.0இன் கீழ் வெளியாகிறது. அந்த அரசின் பொறியாளர்கள் அதைப் படிக்கலாம், திருத்தலாம், தங்கள் நாட்டுச் சர்வரில் தாங்களே கட்டி ஓட்டலாம். மூடிய மென்பொருளில் இந்த உரிமை கிடையாது.

ஆனால் மோசிப்பும் பிறர் எழுதிய பொதிகளின் மேல்தான் நிற்கிறது. அது ஜாவாவில் ஸ்பிரிங் பூட் என்ற சட்டகத்தைக் கொண்டு எழுதப்பட்டது. தரவுக்குப் போஸ்ட்கிரெஸ், உள்நுழைவுக்குக் கீக்ளோக். இவை ஒவ்வொன்றின் அடியிலும் இன்னும் பல பொதிகள். ஆகவே ஒரு நாடு மோசிப்பை நம்புகிறது என்றால், பல நாடுகளில் இருக்கும், முகம் தெரியாத எத்தனையோ பேரையும் சேர்த்து நம்புகிறது என்றுதான் கொள்ள வேண்டும். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் எழுதும் செயலிக்கும் இதே கதைதான்.

திறந்திருப்பதும் பார்ப்பதும்

மூலநிரல் திறந்திருப்பதால் ஆயிரம் கண்கள் பார்க்கும், பிழை தப்பாது என்று ஒரு வாதம் உண்டு. பார்க்கலாம் என்ற அனுமதி வேறு, யாராவது பார்த்தார்கள் என்ற செய்தி வேறு. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை இதை உலகுக்குக் காட்டியது. வங்கி, அஞ்சல், கடை என்று இணையத்தின் பெரும்பகுதி தன் ரகசியங்களைப் பூட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பொதியை நம்பியிருந்தது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே அந்த ஓட்டை இருந்தது. இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. பிறகு விசாரித்தபோது, அந்தப் பொதிக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்று தெரிந்தது. ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்.

மூடி வைத்த மென்பொருள் இதைவிட மேல் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மூடிய மென்பொருளுக்குள் நுழைந்தவர்கள், அதன் அதிகாரபூர்வமான புதுப்பிப்பு வழியாகவே அமெரிக்க அரசுத் துறைகளுக்குள் போய்விட்டார்கள். இந்திய அரசு 2015இல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. மூலநிரலைப் படிக்கும் உரிமையைப் பெற்றவர்கள் அதைப் பயன்படுத்தினார்களா என்பதுதான் கேள்வி.

பொதியை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்பேன். யார் எழுதியது? எந்த வழியாக நம்மிடம் வந்தது? நம் பக்கத்தில் அதற்கு யார் பொறுப்பு? முதல் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். இரண்டாவதைச் சிலர் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. சேதம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

யார் எழுதியது?

முதல் கேள்விக்கு மதிப்பெண் போட இன்று கருவிகள் இருக்கின்றன. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2020இல் தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பு ஸ்கோர்கார்டு என்ற கருவியைத் தருகிறது. பொதி இப்போதும் பராமரிக்கப்படுகிறதா, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கிறாரா, வெளியீடுகளுக்குக் கையொப்பம் உண்டா, பாதுகாப்புக் குறையைத் தெரிவிக்க வழி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று சொல்லும். உதவியான கருவிதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்இசட் நல்ல சான்று.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய பொதி. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். பின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின் அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்கள் முளைத்தன. வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று காலினை நெருக்கின. தம் மனநலம் சரியில்லை என்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்கடி நிற்கவில்லை. ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையை அது குறிவைத்தது. எஸ்எஸ்எச் நேரடியாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதில்லை. டெபியன் போன்ற சில லினக்ஸ் வழங்கல்கள் எஸ்எஸ்எச்சை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டி எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. இப்படி இரண்டு கை மாறி வந்த உறவு அது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மைக்ரோசாப்ட் பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று இதை உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலும் லினக்ஸ் வழங்கல்களின் சோதனைப் பதிப்புகளோடு ஆபத்து நின்றுபோனது. மோசிப் தன் தரவை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸை உருவாக்குவோரில் ஃப்ராயிண்டும் ஒருவர்.

இதை நம் மதிப்பெண் முறையோடு வைத்துப் பாருங்கள். ஜியா டான் வருவதற்கு முன் எக்ஸ்இசட் ஒருவரை நம்பி மெதுவாக நகர்ந்த பொதி. அவர் வந்தபின் சுறுசுறுப்பாக வெளியீடுகள், இரண்டு பராமரிப்பாளர்கள். எந்த நாட்களில் அந்தப் பொதி களவு போய்க்கொண்டிருந்ததோ, அந்த நாட்களில்தான் அது வெளிப்பார்வைக்கு அதிக ஆரோக்கியமாகத் தெரிந்திருக்கும். ஆகவே எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உண்டு. பொறுப்பு அண்மையில் கை மாறியதா? புதியவரைப் பற்றி வேறு எங்காவது தடம் இருக்கிறதா? பழையவர் களைத்துப் போயிருக்கிறாரா? 2018இலும் இப்படித்தான் நடந்தது. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பொதியை அதன் ஆசிரியர், உதவ முன்வந்த ஒருவரிடம் நல்லெண்ணத்தில் ஒப்படைத்தார். வாங்கியவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை அதற்குள் நுழைத்தார்.

எந்த வழியாக வந்தது?

எழுதியவர் நேர்மையானவராகவே இருக்கலாம். வரும் வழியில் பொருள் மாறிப்போகலாம். எக்ஸ்இசட்டில் பின்கதவைத் திறக்கும் முக்கியமான வரிகள் பொதுவில் எல்லோரும் படிக்கும் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்துக்கு வைத்த தொகுப்பில் மட்டும் இருந்தன. மூலநிரலை வரி வரியாகப் படித்தவரும் ஏமாந்திருப்பார். டெபியன் குழுவினர் பத்தாண்டுக்கும் மேலாக மறுகட்டமைப்பு முறைக்கு உழைப்பது இதனால்தான். இந்த முறையில், ஒரே மூலநிரலை யார் எங்கே கட்டினாலும் கடைசி பிட் வரை ஒரே கோப்பு வர வேண்டும். வராவிட்டால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

பெயரில் ஏமாற்றுவது இன்னும் எளிது. பைபிஐயில் ஜெல்லிஃபிஷ் என்று ஒரு நல்ல பொதி உண்டு. ஆங்கிலச் சிறிய எல் எழுத்து இருக்க வேண்டிய ஓர் இடத்தில் பெரிய ஐ எழுத்தைப் போட்டு, பார்வைக்கு அதே பெயரில் இன்னொன்றை யாரோ ஏற்றினார்கள். கணினியில் இருக்கும் ரகசியச் சாவிகளைத் திருடும் நிரல் அது. ஓராண்டு அங்கேயே கிடந்து 2019 டிசம்பரில்தான் பிடிபட்டது. செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தரும் இக்காலத்தில் இது புது வடிவம் எடுத்திருக்கிறது. 16 மொழி மாதிரிகளை வைத்து 5,76,000 நிரல் துண்டுகள் எழுத வைத்து ஆராய்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை பரிந்துரைத்த பொதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது என்று கண்டார்கள். இல்லாத அந்தப் பெயரில் ஒரு பொதியை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். தம்பிகளே, தங்கைகளே, சாட்பாட் சொன்ன பொதியை நிறுவுமுன் அதன் பக்கத்தைத் திறந்து ஒரு முறையாவது பாருங்கள்.

2025 செப்டம்பரில் நடந்ததை உங்களில் பலர் அலுவலகத்தில் அனுபவித்திருப்பீர்கள். கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லி என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மின்னஞ்சல் ஒரு பராமரிப்பாளருக்கு வந்தது. அவர் கணக்கு பறிபோனது. சாக், டிபக் உள்ளிட்ட 18 பொதிகளில் கெட்ட நிரல் ஏறியது. அவற்றின் வாராந்தரப் பதிவிறக்கங்களைக் கூட்டினால் 200 கோடிக்கு மேல். சில மணி நேரத்தில் அகற்றிவிட்டார்கள். அதே மாதம் ஷாய்-ஹுலுட் என்ற புழு, ஒரு பராமரிப்பாளரின் சாவியைத் திருடி அவருடைய மற்றப் பொதிகளுக்கும் தானே பரவி 500க்கும் மேற்பட்ட பொதிகளைத் தொற்றியது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. புதிய பதிப்பு வந்ததும் உடனே ஏற்று என்பது பழைய பாடம். செப்டம்பர் நிகழ்வுகளில் சிக்கியவர்கள் அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர்கள். இதற்கு என் விடை, இரண்டு வகைப் புதுப்பிப்பையும் பிரித்துப் பார்ப்பது. அறியப்பட்ட ஓட்டையை அடைக்கும் பதிப்பு என்றால், அறிவிப்பைப் படித்து அன்றே ஏற்றுங்கள். வெறும் புதிய பதிப்பு என்றால் ஒரு வாரம் பொறுத்திருங்கள். கெட்டது இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். எந்தப் பதிப்பு, அதன் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) என்ன என்பதை லாக் கோப்பில் உறைய வையுங்கள். பொதியை நிறுவும்போதே தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளை, தேவை இருந்தாலன்றி நிறுத்தி வையுங்கள். இவற்றுக்குப் பணம் செலவாகாது.

யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 2021 டிசம்பர் இரண்டாம் வாரத்தை இத்துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாக்ஃபோர்ஜே என்பது ஜாவா செயலிகளில் என்ன நடந்தது என்று குறிப்பெழுதும் பொதி. குறிப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் சொற்கள் வந்தால், அது வெளிச் சர்வரிலிருந்து நிரலை எடுத்து வந்து ஓட்டிவிடும். 2013இல் ஒரு வசதியாகச் சேர்த்தது அது. அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் சாவ்ஜுன் நவம்பர் 24 அன்று இதை, அந்தப் பொதியைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்புக்குத் தெரிவித்தார். தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய ஓட்டை அது. திருத்திய பதிப்பு டிசம்பரில் விரைவாகவே வந்தது.

திருத்தம் கையில் இருந்தும் ஏன் அத்தனை இரவுகள் விழித்திருந்தோம்? லாக்ஃபோர்ஜே நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியவில்லை. நாம் எடுத்த பொதி எடுத்த பொதிக்குள் அது உட்கார்ந்திருந்தது. பல நிறுவனங்களில் முதல் சில நாட்கள் தேடுவதிலேயே போயின. அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் 2022 ஜூலையில், இந்த ஓட்டையுள்ள பிரதிகள் பத்தாண்டுக்கோ அதற்கு மேலோ புழக்கத்தில் இருக்கும் என்று கூறியது. எழுதியவர் திருத்திவிட்டார், வழியும் சரியாக இருந்தது, வாங்கி வைத்தவரிடம்தான் கணக்கு இல்லை.

அந்தக் கணக்குக்கு எஸ்பாம் என்று பெயர். மென்பொருளுக்குள் என்னென்ன பொதி, எந்தப் பதிப்பு, யார் தந்தது, என்ன உரிமம், எது எதைச் சார்ந்தது என்ற பட்டியல் அது. 2021 மே மாதம் அமெரிக்க அரசு தனக்கு மென்பொருள் விற்பவர்களிடம் இதைக் கேட்கத் தொடங்கியது. நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அரசு, பொதுத்துறை, இன்றியமையாச் சேவைகள் ஆகியவற்றோடு மென்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அது நீங்கள்தான். பங்குச் சந்தையைச் சேர்ந்த நிறுவனங்களுக்கு செபி 2024 ஆகஸ்டிலேயே இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். ஓசூர் சாலையில் எழுதி ஐரோப்பாவில் விற்கும் எவரும் அதற்கு அப்பால் நிற்க முடியாது.

ஆனால் எஸ்பாம் ஒரு பட்டியல்தான். வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒரு முறை தயாரித்து, கோப்பில் வைத்து மறந்தால் அதற்கு மதிப்பில்லை. ஒவ்வொரு கட்டமைப்பின்போதும் அது தானாக உருவாக வேண்டும். புதிய ஓட்டை அறிவிக்கப்பட்டதும் பட்டியலோடு ஒப்பிட்டு, நம்மிடம் இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல ஒரு பெயருள்ள மனிதர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத நிறுவனத்தில் ஸ்கோர்கார்டும் வீண், எஸ்பாமும் வீண்.

வாங்குகிறவரின் கடன்

இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் ஒருவர் தலையில் இருந்தது. எக்ஸ்இசட் ஒருவர் தலையில் இருந்தது. பயன்பெற்றவர்கள் கோடிக்கணக்கில். நம் ஊர்களில் ஏரிக்குக் குடிமராமத்து என்று ஒரு முறை இருந்தது. பாசனம் பெறுகிறவர்கள் எல்லோரும் கரையைக் கட்ட, தூர் வார ஆள் அனுப்ப வேண்டும். ஏரி பொதுச்சொத்து என்பதால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தால் மதகு என்றைக்கோ உடைந்திருக்கும். திறமூலத்தில் இன்று பலர் நீர் மட்டும் எடுக்கிறார்கள்.

மாற்றத்துக்கு நம் நகரத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கி, உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. எல்லா நிறுவனமும் அந்த அளவு தர முடியாது. பணம்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் சார்ந்திருக்கும் பொதியில் பிழை கண்டால், உங்கள் பிரதியில் மட்டும் ஒட்டுப் போட்டுக்கொள்ளாமல் மூலத்துக்கு அனுப்புங்கள். ஆவணம் எழுதுங்கள், சோதனை எழுதுங்கள். தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன்-தமிழ் போன்ற பொதிகளும் பைபிஐயில் இருக்கின்றன; அவை விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்களின் உழைப்பு. தமிழ் மென்பொருளின் பாதுகாப்பு அவர்கள் களைப்படையாமல் இருப்பதைப் பொறுத்தது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை மாலை நேரத்தில் காசு வராத ஏதோ நிரலை எழுதிக்கொண்டிருந்தால் வீண் வேலை என்று தடுக்காதீர்கள். அது ஒருநாள் ஒரு நாட்டின் அடையாள அட்டைக்கு அடியில் இருக்கக்கூடும்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. நாளை காலை, உங்கள் குழு பயன்படுத்தும் பொதிகளின் முழுப் பட்டியலை எடுங்கள். அவற்றில் ஒரே ஒருவர் பராமரிக்கும் பொதிகள் எவை என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் குழுவில் பொறுப்பேற்பவர் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத ஆள் இல்லாத பொதி உங்களுக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள்.